வீடு திரும்பும் நாட்டியக்காரி

பங்குனி பிறந்துவிட்டால் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களில் டீக்கடைத் தட்டியிலும் கோயில் சுவரிலும் நாடக நோட்டீஸ்கள் ஏறத் தொடங்கும். உச்சியில் அம்மன் அல்லது முருகன். அடுத்து ஊர், விழா நாள், நாடகத்தின் பெயர். பெரும்பாலும் அது ‘வள்ளி திருமணம்’தான். அதற்கும் கீழே கலைஞர்களின் மார்பளவுப் படங்கள் வரிசையாக இருக்கும்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட். ஒவ்வொரு படத்தின் அடியிலும் பெயரும் ஊரும் உண்டு. பெண் கலைஞர்கள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு எடுத்த படம் என்று சொன்னால் நம்பிவிடலாம்.

மதுரையைத் தூங்கா நகரம் என்று சொல்கிறவர்கள் ராத்திரி பரோட்டாக் கடையையும் பூ மார்க்கெட்டையும் நினைத்துச் சொல்கிறார்கள். சுற்றுப்புறக் கிராமங்களைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது ஸ்பெஷல் நாடகம். இதற்கு நிரந்தரக் கம்பெனி கிடையாது. கலைஞர்கள் தனித்தனியாக ஏஜெண்ட் மூலம் ‘டேட்’ பேசி, அந்த ஓர் இரவுக்காக மட்டும் கூடுவார்கள். ஒத்திகை கிடையாது. அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சந்திக்கும் வள்ளியும் நாரதரும்கூட மேடையில் மணிக்கணக்காகத் தர்க்கம் செய்வார்கள். பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொதுவான பாடம் என்பதால் அது முடிகிறது. அந்தப் பாடத்தைக் கட்டிக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கி, 1922இல் மறைந்தார். மறு ஆண்டே மதுரையில் நாடக நடிகர் சங்கம் உருவானது. இரவு பத்து மணியளவில் ஆர்மோனியம் தொடங்கும். முதல் பாதி பபூனுக்கும் டான்ஸ் ஆடும் பெண்ணுக்கும் உரியது. நள்ளிரவு தாண்டித்தான் கதைக்குள் போவார்கள். விடிந்த பிறகே மங்களம்.

1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போன அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சீஸர், 2005இல் தமிழ் நாடக மேடையின் களங்கங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் நோட்டீஸுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. யார் படம் எந்த இடத்தில் வருகிறது என்பதில் தொழிலின் தரவரிசை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று அவர் காட்டுகிறார். இன்னோர் இடத்தில் நடிகைகளின் பயணத்தை எழுதுகிறார். மேடையில் ஆயிரம் பேர் பார்க்க ஆடிய பெண், வழியில் யார் கண்ணிலும் படாமல் போய்ச் சேரப் பாடுபடுகிறார்: துணைக்கு ஓர் ஆள், தெரிந்த வண்டி, ஊருக்குள் நுழைந்ததும் மறைவான ஓர் அறை. ‘கூத்தாடி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பயந்து செய்யும் ஏற்பாடு இவ்வளவும்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முந்தைய ஒரு பாரிஸ் ஓவியம். இரவு மேடையில் ஆடும் பெண்ணின் முகத்தை யார் வரைகிறார்கள், யார் கேட்டு வரைகிறார்கள், அதற்குப்பின் அந்த முகம் யாருடையது என்ற கேள்விக்கு அந்த ஓவியரும் அவருக்கு அமர்ந்த பெண்ணும் கொண்டிருந்த நட்பைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஓவியர் ஆன்ரி த துலூஸ்-லோத்ரெக். 1864இல் தெற்கு பிரான்சின் அல்பி நகரில் பழைய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் அடுத்தடுத்து இரண்டு தொடையெலும்புகளும் முறிந்தன. அதன்பின் கால்கள் வளரவில்லை. உடல் வளர்ந்த மனிதனுடையது, கால்கள் சிறுவனுடையவை. குதிரையும் வேட்டையுமாக வாழ்ந்த குடும்பத்தில் அந்த உடலுக்கு இடமில்லை. மோன்மார்த்ர் மேட்டின் மதுக்கடைகளிலும் நடன அரங்குகளிலும் இடம் கிடைத்தது. 1889 அக்டோபரில் முலான் ரூழ் திறந்தபோது அவருக்கு வயது 24. அங்கே மேசை பிடித்து உட்கார்ந்து வரைந்தார்.

பெண் ஜேன் அவ்ரில். 1868இல் பிறந்தவர், இயற்பெயர் ழான் போதோன். தாய் பணக்கார ஆண்களின் தயவில் வாழ்ந்தவர், மகளை அடித்து வதைத்தவர். வீட்டைவிட்டு ஓடிய சிறுமி, 1882இல் பதினான்கு வயதில், கைகால் தானாக வெட்டி இழுக்கும் நோயோடு சல்பெத்ரியேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஷார்க்கோ என்ற பெரிய நரம்பியல் மருத்துவர், ‘ஹிஸ்டீரியா’ என்று பெயரிட்ட பெண்களை மாணவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் முன்னால் நிறுத்திப் பாடம் நடத்திய இடம் அது. அங்கே நோயாளிகளுக்காக வைத்த ஒரு நடன விழாவில் ஆடியபோதுதான் தன் உடல் தன் வசமானது என்று பின்னாளில் அவ்ரில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். ஏழாண்டுகள் கழித்து அவர் முலான் ரூழ் மேடையில் இருந்தார். மற்ற பெண்கள் கூட்டமாக ஆடும் கான்கானை அவர் தனியாக ஆடினார். கால் வெட்டி எழும், உடல் முறுக்கும். பார்த்தவர்கள் ஒரு வெடிமருந்தின் பெயரைப் பட்டப்பெயராக வைத்தார்கள். அவருடைய மருத்துவமனைக் கதை அரங்கில் எல்லோருக்கும் தெரியும். நோயாளியாக இருந்தபோது பார்த்தது போலவே ஆட்டக்காரியாக ஆன பிறகும் ஊர் அவரை வேடிக்கை பார்த்தது.

லோத்ரெக் 1892இல் வரைந்த இரண்டு ஓவியங்களை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ஒன்று இன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் இருக்கிறது. அவ்ரில் முலான் ரூழை விட்டு வெளியே வருகிறார். மேல்கோட்டு, தொப்பி, சற்றே தாழ்ந்த தலை. ஆட்டம் முடிந்துவிட்டது, சம்பளம் வாங்கிவிட்டார், வீட்டுக்குப் போகிறார். இரண்டாவது லண்டன் கோர்ட்டோல்ட் காட்சிக்கூடத்தில் உள்ளது. அரங்கின் வாசலில் நின்று கையுறை மாட்டிக்கொள்கிறார். முகம் ஒடுங்கி, கண்களுக்குக் கீழே சோர்வு. அப்போது அவருக்கு 24 வயது. படத்தில் நாற்பது என்று சொல்லத் தோன்றும்.

லோத்ரெக் கித்தானைவிட அட்டையை விரும்பினார். எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, பழுப்பு அட்டைமேல் நீண்ட கோடுகளாக இழுப்பார். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், வண்ணம் மங்கிக் காயும், கோடுகளுக்கு நடுவே அட்டையின் பழுப்பே தெரியும். அவ்ரிலின் கோட்டும் பின்னாலிருக்கும் இரவும் அப்படித்தான் பாதி வரையப்பட்டு, பாதி விடப்பட்டு நிற்கின்றன. முகத்துக்கு மட்டும் நேரம் கொடுத்திருக்கிறார். பாரிஸ் முழுவதும் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டில் அவர் கால் தெரியாமல் வரைந்தார் என்பதுதான் அந்த நட்பின் முதல் அடையாளம் என்பது என் துணிபு.

அடுத்த ஆண்டு நட்பு வேறு உருவம் எடுக்கிறது. 1893இல் ழார்தான் த பரி அரங்கில் ஆடப்போகும் அவ்ரில், தம் விளம்பரத்துக்கு லோத்ரெக்கிடம் போஸ்டர் கேட்கிறார். அதில் கறுப்புக் காலுறையோடு கால் தூக்கியிருக்கிறது, ஊர் கேட்டதும் அதுதான். ஆனால் முகத்தைப் பாருங்கள், சிரிப்பில்லை. தொழில் செய்கிறவரின் இறுக்கம். முன்னால் ஓர் இசைக்கலைஞரின் முரட்டுக் கை பெரிய வயலினின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. அந்தக் கழுத்தே வளைந்து நீண்டு படத்தின் சட்டமாகி அவ்ரிலைச் சுற்றி வளைக்கிறது. அதே ஆண்டில் திவான் ழப்போனே என்ற பாட்டரங்கின் போஸ்டரில் அவ்ரில் மேடையிலேயே இல்லை. கறுப்பு உடையும் செம்பட்டை முடியுமாக, கையில் விசிறியோடு, விமர்சகர் எதுவார் துழார்தான் பக்கத்தில் பார்வையாளராக உட்கார்ந்திருக்கிறார். மேடையில் நிற்கும் பாடகி இவெத் கில்பேரின் தலையைப் படத்தின் விளிம்பு வெட்டிவிட்டது. நீண்ட கறுப்புக் கையுறைகளை வைத்துத்தான் அவரை அடையாளம் காண வேண்டும்.

இவற்றைவிட எனக்கு நெருக்கமானது மூன்றாவது படம். அதே 1893இல் ஓர் அச்சோவியத் தொகுப்புக்கு வரைந்த அட்டை. பின்னால் அச்சகத்தில் வயதான அச்சுக்காரர் கோத்தேல் கல்லச்சு எந்திரத்தைச் சுழற்றுகிறார். முன்னால் கோட்டும் தொப்பியுமாக அவ்ரில், அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்த தாளை இரு கையாலும் பிடித்துக் கூர்ந்து பார்க்கிறார். ஆட்டக்காரியை ஓவியம் பார்க்கத் தெரிந்தவராக, தீர்ப்புச் சொல்லத் தகுந்தவராக ஓவியர் வரைந்திருக்கிறார். எழுத்தாளர்களோடும் கவிஞர்களோடும் பழகி, படித்து, ரசனை வளர்த்துக்கொண்டவர் அவ்ரில். அந்த அரங்குகளுக்கு வந்த ஆண்களில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்களோ தெரியாது, லோத்ரெக் கவனித்தார்.

எல்லோரிடமும் அவர் இவ்வளவு கனிவாக இருந்தார் என்று எழுதினால் அது பொய். இவெத் கில்பேர் 1894இல் அவருடைய போஸ்டர் வரைவைப் பார்த்து, தயவுசெய்து என்னை இவ்வளவு அவலட்சணமாகப் போடாதீர்கள் என்ற பொருளில் கடிதம் எழுதி அதைத் திருப்பிவிட்டார். ஆனாலும் அதே ஆண்டு பதினாறு கல்லச்சு ஓவியங்களோடு கில்பேர் பற்றிய தொகுப்பு வெளிவந்தபோது, நூறு பிரதிகளிலும் கையொப்பமிட்டுக் கொடுத்தவரும் அவர்தான். ஓவியனின் பார்வை நேர்மையானதா என்பது ஒரு கேள்வி. வரையப்படுகிறவருக்கு அதில் பேச்சு உண்டா என்பது இன்னொரு கேள்வி. கலை விமர்சனம் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. நட்பை அளக்க இரண்டாவது கேள்வியே உதவும். கில்பேரால் மறுக்க முடிந்தது. அவ்ரிலால் கேட்டு வாங்க முடிந்தது: 1896இல் லண்டன் ஆட்டத்துக்காக நால்வர் குழுவின் போஸ்டரையும் கடிதம் எழுதிக் கேட்டுப் பெற்றார்.

மதுரைப் பக்கத்து நாடகக்காரர்களுக்கு உடனே புரியக்கூடிய ஒரு சம்பவம் லா குலூவுடையது. முலான் ரூழின் முதல் நட்சத்திரம் அவர். 1891இல் லோத்ரெக்கின் முதல் போஸ்டரே அவரை வைத்துத்தான் வந்தது. உடல் பருத்து, அரங்கை விட்டு விலகி, 1895இல் ஒரு திருவிழாச் சந்தையில் சொந்தக் கொட்டகை போட்டார். முகப்புக்கு இரண்டு பெரிய திரைகள் வரைந்து தரும்படி பழைய நண்பருக்கு எழுதினார். ஆளுயரத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரக் கித்தானில் லோத்ரெக் வரைந்து கொடுத்தார். அவற்றுள் ஒரு திரையின் பார்வையாளர் கூட்டத்தில் ஆஸ்கார் வைல்டும் ஜேன் அவ்ரிலும் லோத்ரெக்கும் நிற்கிறார்கள். பின்னால் வியாபாரிகள் திரைகளைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். பிரெஞ்சு அரசு 1929இல் துண்டுகளைச் சேர்த்து வாங்கித் தைத்தது. இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் தையல் தெரிய நிற்கின்றன. லா குலூ அதே 1929இல் வறுமையில் இறந்தார்.

திருவிழாக் கொட்டகைக்குத் திரை வரைவது நம் ஓவியர்களின் பழைய தொழில். தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகப் போய் வரைந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் தலையாயவர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணர் அருகில் சிலகாலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனியின் சீன் ஓவியரானார். 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அங்கிருந்து அவரும் டி. எஸ். சுப்பையா முதலிய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சில் காலண்டர்களாகித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போயினர். இரவு மேடையில் வளர்ந்த கை அது. ஆனால் மேடையில் அந்தக் கை வரைந்தது வள்ளிக்குப் பின்னாலிருந்த தினைப்புனத்தை. வள்ளியாக நின்ற பெண்ணின் முகத்தை வரையும் வேலை சீன் ஓவியருக்கு இல்லை. அந்த வேலை போட்டோ ஸ்டூடியோவுக்கும் நோட்டீஸ் அச்சகத்துக்கும் போயிற்று.

ஓவியருக்கு முன் அமர்ந்த கலைஞர்களின் கதி நம் நாட்டில் பெரும்பாலும் அவ்ரில், கில்பேர் கதைக்கு நேரெதிர். மன்னர் சுவாதித் திருநாள் அவையில் மதுரைக்காரரான அழகிரி நாயுடு ஓவியராக இருந்த அதே திருவிதாங்கூர் அரண்மனையில் தொழில் கற்ற ரவிவர்மா, 1894இல் மும்பையில் கல்லச்சுக்கூடம் தொடங்கினார். கில்பேர் தொகுப்பு வெளிவந்த ஆண்டும் அதுதான். தேவியருக்கு முகம் தர அவருக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். குடும்பப் பெண்கள் அமரமாட்டார்கள். இரவுக் கச்சேரிகளில் பாடிய கோவா மரபுக் குடும்பங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். பெரிய பாடகியான அஞ்சனிபாய் மால்பேகரும் அவருக்கு அமர்ந்தவர் என்று இசை உலகில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வீட்டுப் பூஜையறையில் அந்தப் படங்களைக் கும்பிட்டவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் லட்சுமி, சரஸ்வதி. அமர்ந்தவரின் பெயர் அழிந்தால்தான் தெய்வம் துலங்கும் என்ற ஏற்பாடு அது. இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. தெய்வ உருவம் வரைகிறவருக்கு வேறு வழி குறைவு. ஆனால் ஒரு தலைமுறைப் பாடகிகளின் முகம் அவர்கள் பெயரின்றி நாடெங்கும் போனது என்பதும் உண்மை.

இப்போது மதுரை நோட்டீஸைத் திரும்பப் பார்த்தால் அதன் பெருமை விளங்குகிறது. அதில் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. எந்தப் படத்தை அச்சுக்குக் கொடுப்பது என்பது பெரும்பாலும் கலைஞரின் கையில் இருக்கிறது. டான்ஸ் ஆடும் பெண்ணும் ஆட்டக் கோலத்தில் இல்லாமல் அடக்கமான பட்டுச்சேலையில் வருகிறார் என்றால், அவர் விரும்பிய முகம் அது. மேடையில் பபூன் அவரை எப்படிக் கேலி செய்தாலும், சுவரில் அவர் இன்ன ஊர்க்காரர், மரியாதைக்குரியவர். அவ்ரில் போஸ்டர் கேட்டு எழுதிய கடிதத்துக்கும் இதற்கும் உறவு உண்டு.

லோத்ரெக்கின் 1892 ஓவியத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே வைக்கவும் முடியாது. வீடு திரும்பும் பெண்ணை, களைத்த முகத்தோடு, தனியாக வரைவது பாரிஸில் ஒரு பரிவு. அதே காட்சியை மேலூர் பஸ் ஸ்டாண்டில் விடிகாலை ஐந்து மணிக்கு ஒருவர் வரைந்தாலோ படமெடுத்தாலோ, அந்தப் பெண் இரவெல்லாம் காப்பாற்றி வந்த மறைவைக் கிழிப்பதாக முடியும். துணையோடு, தலை மூடி, கோயிலுக்குப் போய்வரும் குடும்பப் பெண்ணைப்போல அவர் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவரை யாரென்று காட்டிக்கொடுக்காமல் இருப்பதே அங்கே நட்பு. சீஸர் எழுதியது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுவது இதனால்தான்: அந்தப் பெண்களோடு வண்டியில் உடன்போய், அவர்கள் எதை மறைக்கிறார்கள், ஏன் மறைக்கிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொண்டு, அதற்குப்பின் எழுதினார்.

இரவு மேடையிலிருந்து பகலுக்கு வந்து, பெயரை வேறு வழியில் நிறுத்திக்கொண்டவர்களும் இங்கே உண்டு. நாடகக் கம்பெனியில் நடித்து, மேடையிலேயே தேசியப் பாட்டுகள் பாடி, சிறை சென்ற கே. பி. ஜானகி அம்மாள், 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். நடிகையாக இருந்தவரை மக்கள் தங்கள் பிரதிநிதியாக்கிய இந்த ஊரில், இன்றும் ஒரு டான்ஸ் கலைஞர் வாடகைக்கு வீடு தேடும்போது தொழிலைச் சொல்லத் தயங்க வேண்டியிருக்கிறது என்பது பொறுத்துக்கொள்ளக் கூடியதல்ல.

லோத்ரெக் 1899 தொடக்கத்தில் அவ்ரிலுக்குக் கடைசி போஸ்டர் வரைந்தார். கறுப்பு உடையில் ஒரு பாம்பு சுற்றி ஏற, அவ்ரில் உடல் நெளிந்து கையை உயர்த்துகிறார். அரங்கக்காரர் அதை ஏற்கவில்லை. அது சுவருக்குப் போகவேயில்லை. சில வாரங்களில் குடியால் நிலைகுலைந்த லோத்ரெக் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். பதினான்கு வயதில் அவ்ரில் கடந்துவந்த வாசல் போன்ற ஒன்றை அவர் முப்பத்துநான்கில் கடந்தார். 1901இல் இறந்தார். அவ்ரில் 1943 வரை இருந்தார், கடைசியில் வறுமையில். தம் புகழுக்கு லோத்ரெக்கே காரணம் என்று அவர் சொல்லிவந்தார். அல்பியில் ஓவியரின் தாயும் நண்பர் மொரீஸ் ழுவாயானும் சேர்த்துக் கொடுத்த படைப்புகளால் 1922இல் அருங்காட்சியகம் திறந்தது. போஸ்டர்கள் சுவரில் கிழிந்து போகவேண்டிய தாள்கள்தான். யாரோ சிலர் எடுத்து வைத்ததால் அவ்ரில் இன்றும் தம் பெயரோடு இருக்கிறார்.

நம்மிடத்தில் எடுத்து வைத்தவரும் ஓர் ஓவியர்தான் என்பதை நாடகக்காரர்கள் பலர் அறியார்கள். காரைக்குடி அருகே கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களோடும் இதழ்களோடும் பழைய நாடக நோட்டீஸ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. அவர் 1992இல் மறைந்தார். அதற்குப் பிந்தைய நோட்டீஸ்கள், ஆப்செட் வண்ணத்தில் பெண் கலைஞர்களின் படங்கள் பெரிதாக வரத் தொடங்கிய காலத்தவை, மதுரை, புதுக்கோட்டை அச்சகங்களிலும் ஏஜெண்டுகளின் மேசை இழுப்பறைகளிலும் கலைஞர்களின் டிரங்குப் பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. மதுரைப் பல்கலைக்கழகமோ நாடக நடிகர் சங்கமோ அவற்றைச் சேர்க்கத் தொடங்கினால், ஒவ்வொரு படத்துக்கும் உரியவரைத் தேடிப்போய், பெயரை எப்படிப் போடுவது, எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளும் காலம் இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.